கற்பனைப் பேஸ்பாலும் இறுதிநாட் கணக்கும்

மக்கள் தம் ஓய்வுநேரத்தை இன்புறக் கழித்தற்பொருட்டு இயற்றிக்கொண்ட விளையாட்டுக்கள் எண்ணிறந்தன. அவற்றுட் சில உடல்வன்மையை வளர்ப்பன; சில அறிவின் கூர்மையை வளர்ப்பன. சதுரங்கத்தில் அரசனும் மந்திரியும் யானையும் குதிரையும் மரத்தாலானவை. ஆடுவோன் கை பட்டாலன்றி அவை ஓரடியும் பெயரா. ஆயின், உயிருள்ள மனிதரையே காய்களாகக் கொண்டு, அவர் அறியாமலே அவர்தம் செயல்களைக் கணக்கிட்டு ஆடும் ஆட்டமொன்றும் இக்காலத்து உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பிறந்து இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கும் பாண்டஸி பேஸ்பால் என்னும் கற்பனைப் பேஸ்பாலே அது. அதன் வரலாற்றையும் அமைப்பையும், அதன் இறுதிப் போட்டியில் இரு தரத்தாரும் சமமாய் நிற்கும்போது எழும் ஒரு நுட்பமான கேள்வியையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறுவாம்.

பேஸ்பாலின் இயல்பு

நம் மாணவருட் பெரும்பாலார் கிரிக்கெட்டை நன்கறிவர். பேஸ்பாலும் அதற்கு உறவுடைய ஆட்டமே. அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். ஒரு தரத்தார் பந்தெறிய, மற்றவர் மட்டைகொண்டு அடிப்பர். சதுரமாய் அமைந்த நான்கு தளங்களையும் முறையே தொட்டுத் தொடங்கிய இடத்திற்கு மீள்பவன் ஓர் ஓட்டம் பெறுவான். மூவர் ஆட்டமிழந்தவுடன் அத்தரத்தாரின் முறை முடியும். இவ்வாறு இரு தரத்தாரும் ஒன்பது இன்னிங்ஸ் ஆடுவர். மேஜர் லீக் எனப்படும் உயர்நிலைப் போட்டியில் இன்று 30 அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும்.

இவ்வாட்டத்தின் கணக்குகளுள் இரண்டை மட்டும் இங்கு அறிந்துகொள்வது போதும். ஒன்று மட்டையாளரின் அடிச் சராசரி. மட்டையாளன் பந்தை அடித்துத் தளத்தைப் பிழையின்றி அடைந்த தடவைகளை, அவன் அடிக்கப் புகுந்த தடவைகளால் வகுப்பின் அது கிடைக்கும். பத்து முறை புகுந்து மூன்று முறை வெற்றி கண்டவனின் சராசரி 0.300 ஆகும். பத்தில் ஏழு முறை தோற்பவனே இவ்வாட்டத்திற் சிறந்தவனாக மதிக்கப்பெறுகின்றான் என்பது கருதத்தக்கது. மற்றொன்று பந்தெறிபவரின் ஓட்டச் சராசரி. பிறர் பிழையால் வந்தவற்றை நீக்கி, அவர் கொடுத்த ஓட்டங்களை ஒன்பதாற் பெருக்கி, அவர் எறிந்த இன்னிங்ஸ்களால் வகுத்து அதனைப் பெறுவர். இது குறையக் குறையச் சிறப்பு. மூன்று ஆட்டமிழப்புக்கள் சேர்ந்து ஓர் இன்னிங்ஸ் ஆதலின், ஒவ்வோர் ஆட்டமிழப்பும் மூன்றிலொரு பங்கு இன்னிங்ஸாகக் கொள்ளப்படும்.

இத்தகைய கணக்குகளுக்கு வழிகாட்டியவர் ஹென்றி சாட்விக் என்பவர். இவர் 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறி, முதலிற் கிரிக்கெட் ஆட்டங்களைப் பத்திரிகைகளுக்கு எழுதிவந்தார். கிரிக்கெட்டிற் பழகிய கணக்குமுறையைப் பேஸ்பாலுக்கும் புகுத்தி, ஓர் ஆட்டத்தின் நிகழ்ச்சியனைத்தையும் சிறியதொரு கட்டத்துள் அடக்கிக் காட்டும் பட்டியலை வளர்த்தவர் இவரே. அப்பட்டியல் நாள்தோறும் பத்திரிகைகளில் வெளிவந்தமையால், ஆட்டத்தைக் காணாதாரும் அதனை வீட்டிலிருந்தே ஆராயலாயினர். கற்பனைப் பேஸ்பால் முளைத்தற்குரிய நிலம் இவ்வாறு பண்படுத்தப்பெற்றது.

கற்பனைக் கழகத்தின் தோற்றம்

1960ஆம் ஆண்டில், ஹார்வர்டில் இருந்த சமூகவியல் அறிஞர் வில்லியம் காம்சன் என்பார் தம் நண்பருடன் கூடி ஓர் ஆட்டம் வகுத்தார். உண்மை ஆட்டக்காரரின் பெயர்களை அவர்கள் கற்பனைப் பணத்தால் ஏலம் எடுத்தனர். பருவம் முடிந்தபின், எவர் எடுத்த ஆட்டக்காரரின் கணக்கு சிறந்திருந்ததோ அவரே வென்றவராவர். அதற்குப் பேஸ்பால் ஆராய்ச்சிக் கூட்டம் என்னும் பொருள்பட ஒரு கல்விப் பெயரையும் இட்டுக்கொண்டனர். காம்சன் பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது இவ்வாட்டமும் உடன் சென்றது. அங்கு இதில் ஈடுபட்டிருந்த ஆசிரியர் ஒருவர் வாயிலாக டேனியல் ஓக்ரெண்ட் என்னும் மாணவர் இதனைக் கேள்வியுற்றார்.

ஓக்ரெண்ட் பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாசிரியராகவும் விளங்கியவர். 1980ஆம் ஆண்டில் அவரும் நண்பரும் நியூயார்க் நகரில் ஒரு கழகம் கண்டனர். அவர்கள் கூடிப் பேசிய பிரெஞ்சு உணவுவிடுதியின் பெயரால் அது ரொட்டிஸரி லீக் எனப்பட்டது. பின்னர் நிலைபெற்ற வழக்கத்தின்படி, கழகத்தார் ஒவ்வொருவருக்கும் 260 டாலர் ஏலத்தொகை. அதற்குள் 23 ஆட்டக்காரரைக் கொள்ளல் வேண்டும். புகழ்பெற்ற ஒருவருக்கே பெருந்தொகை கொடுத்துவிட்டால் எஞ்சியோரை ஓரிரு டாலருக்குத் தேடவேண்டி வரும். ஆதலின் இருக்கும் பொருளை அளந்து செலவிடும் திறமும், பிறர் கண்ணிற் படாத இளைஞரை அறியும் திறமும் இங்குப் பெரிதும் வேண்டற்பாலன. தொடக்கத்தில் அடிப்போர்க்கு நான்கும் எறிவோர்க்கு நான்குமாக எட்டுப் பிரிவுகளே கணக்கிற் கொள்ளப்பட்டன. பின்பு பத்தாக விரிந்தன. வென்றவர் தலையிற் சாக்கலேட் பானமொன்றை ஊற்றுவது அக்கழகத்தாரின் வேடிக்கையான மரபு.

முற்காலத்திற் கழகத்தார் பத்திரிகையைப் பார்த்துக் கையாற் கூட்டிக் கணக்கிட்டனர். இணையம் வந்தபின் அவ்வுழைப்பு ஒழிந்தது. ஒவ்வோர் அடியும் விழுந்த சில கணங்களில் கணக்கு மாறிவிடுகின்றது. பருவமுழுதும் திரட்டிய கணக்கால் வெல்லும் முறையோடு, வாரந்தோறும் இருவர் நேருக்குநேர் மோதி, இறுதியில் எஞ்சிய இருவர் செப்டம்பர் மாதத்திற் பட்டத்திற்குப் பொரும் முறையும் பெருவழக்காயிற்று.

இறுதி ஞாயிற்றுக்கிழமை

நேருக்குநேர் மோதும் முறையின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். கீழணி, மேலணி என இரு கற்பனை அணிகள் இறுதி வாரத்திற் பொருகின்றன என்று கொள்வோம். பிரிவுகள் பத்து. சனிக்கிழமை இரவில் நிலைமை இது: ஓட்டம், ஹோம்ரன், ஓட்டம் சேர்ப்பித்தல், வென்ற ஆட்டம் என்னும் நான்கும் கீழணிக்கு உறுதி. தளத்திருட்டு, ஆட்டத்தைக் காத்து முடித்தல், எறிந்து வீழ்த்தல், எதிரியைத் தளமேறவிடாமை என்னும் நான்கும் மேலணிக்கு உறுதி. இவற்றின் இடைவெளி ஒருநாளில் எட்டலாகாத அளவு பெரிது. எஞ்சியவை அடிச் சராசரியும் ஓட்டச் சராசரியுமே.

கீழணியார் 200 முறை அடிக்கப் புகுந்து 58 முறை வென்றுள்ளனர், சராசரி 0.290. மேலணியார் 190 முறைக்கு 55; சராசரி 0.2895. எறிதலில், கீழணி 42 இன்னிங்ஸில் 14 ஓட்டங் கொடுத்துள்ளது; சராசரி 3.00. மேலணி 46 இன்னிங்ஸில் 15 ஓட்டம், சராசரி 2.935. ஆகவே அடித்தலிற் கீழணியும் எறிதலில் மேலணியும் முன்நிற்க, ஐந்துக்கு ஐந்து எனச் சமநிலை. சமநிலையாயின் பருவத்தில் மிகுதியாக வென்ற அணிக்கே பட்டம் என்பது பல கழகங்களின் விதி. அவ்வணி மேலணி என்று வைத்துக்கொள்வோம்.

இதனால் விளைவது யாது? மேலணிக்கு இவ்விரண்டில் ஒன்று போதும்; கீழணிக்கு இரண்டும் வேண்டும். நாள்தோறும் அணியை மாற்றியமைக்க இடந்தரும் கழகமாயின், மேலணியின் தலைவர் தம் பந்தெறிபவர் அனைவரையும் அமரவைத்து விடலாம். எறியாதவன் ஓட்டங் கொடான், 2.935 என்னும் எண் அசையாது நிற்கும். கீழணித் தலைவர்க்கோ அமர்ந்திருக்க வழியில்லை. அவர் ஒரு பந்தெறிபவரையேனும் களமிறக்கி 3.00 என்பதைக் குறைத்தே தீரவேண்டும்.

அவர் இறக்கிய எறிஞர் ஆறு இன்னிங்ஸ் எறிந்து இரண்டு ஓட்டம் கொடுத்தால், 48 இன்னிங்ஸுக்கு 16 ஓட்டமாகி, சராசரி பழையபடியே 3.00. பயனில்லை. ஒரே ஓட்டம் கொடுப்பாராயின் 2.81, பிரிவு கைமாறும். இனி, ஏழு இன்னிங்ஸ் எறிந்து இரண்டு ஓட்டம் கொடுத்தார் எனின், 49 இன்னிங்ஸுக்கு 16 ஓட்டம், சராசரி 2.939. மேலணியின் 2.935க்கு மிகமிக அருகில் வந்தும், ஆயிரத்தில் நான்கு பங்கு வேறுபாட்டால் தோல்வி. ஆனால் அவரே எட்டாம் இன்னிங்ஸிலும் இறங்கி இன்னும் ஒரேயொருவரை ஆட்டமிழக்கச் செய்வாராயின், சராசரி 2.919 ஆகிக் கீழணி முன்செல்லும். ஆகவே ஒரு பருவத்தின் பட்டம் முழுவதும், அவ்வெறிஞரை எட்டாம் இன்னிங்ஸுக்கு அனுப்புவதா, ஓய்வு கொடுப்பதா என்று உண்மை அணியின் மேலாளர் செய்யும் முடிவிலே தொங்குகின்றது. அம்மேலாளரோ கீழணி, மேலணி என்னும் பெயர்களையே கேட்டறியார். தம் எறிஞரின் தோள் களைத்ததா இல்லையா என்பதே அவர் கருத்து.

அடித்தலிலும் இவ்வாறே. கீழணித் தலைவர் 0.290ஐக் காக்கக் கருதித் தம் மட்டையாளரை அமரவைத்தால் மட்டும் தப்பினார் ஆகார். மேலணியின் ஒரே மட்டையாளன் மூன்று முறை புகுந்து ஒருமுறை வென்றால் போதும். 193க்கு 56, அதாவது 0.2902. அமர்ந்திருந்தவர் அமர்ந்தபடியே தோற்பார். அதே மட்டையாளன் நான்கு முறை புகுந்து ஒருமுறை மட்டும் வென்றால் 0.2887, கீழணி தப்பும். மறுபுறம், கீழணித் தலைவர் தம் இருவரை ஆடவிட்டு அவர்கள் எட்டு முறைக்கு இரண்டே பெற்றால் 0.2885 ஆக இறங்கி மேலணிக்குப் பிற்படுவார்; மூன்று பெற்றால் 0.2933 ஆக உயர்வார். ஆடினாலும் அச்சம், ஆடாவிடினும் அச்சம். இஃது ஏன் எனின், ஓட்டம், ஹோம்ரன் போன்றவை சேர்ந்துகொண்டே போவனவன்றிக் குறையா. சராசரியோ கூடவும் குறையவும் வல்லது. சேர்ப்பதில் மட்டும் கண்ணுடையார்க்கும், சேர்த்ததைக் காப்பதிற் கண்ணுடையார்க்கும் உள்ள வேற்றுமையை இவ்விருவகைக் கணக்குகள் நன்கு புலப்படுத்துகின்றன. எறிஞரை அமரவைத்தே வெல்வதைத் தடுத்தற்கெனப் பல கழகங்கள் வாரத்திற்கு இத்தனை இன்னிங்ஸ் எறிந்தே ஆகவேண்டும் என விதித்திருப்பதும் அறியத்தக்கது.

களத்தில் நின்ற இருவர்

இக்கேள்வி கற்பனைக் கழகத்தார்க்கு மட்டும் உரியதன்று. உண்மைக் களத்திலும் எழுந்துள்ளது. 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் பருவத்தின் இறுதி நாளைப் பிலடெல்பியாவில் எதிர்கொண்டார். அன்று காலை அவர் கணக்கு 448 முறைக்கு 179, சராசரி 0.39955. மூன்றிலக்கத்தில் எழுதுவார் அதனை 0.400 என்றே எழுதுவர். அரிய அப்பெருமையைக் காத்துக்கொள்ள அன்று ஆடாது அமரலாம் என மேலாளர் ஜோ குரோனின் இடங்கொடுத்தார். வில்லியம்ஸ் உடன்பட்டிலர். அன்று நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முறைக்கு ஆறு பெற்று, 456க்கு 185 என, 0.406 சராசரியோடு பருவத்தை முடித்தார். அமெரிக்கன், நேஷனல் என்னும் இரு லீகுகளிலும் அதன்பின் 0.400ஐ எட்டி முழுப் பருவம் முடித்தவர் எவருமில்லை.

சரியாக 70 ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 28ஆம் நாள், நியூயார்க் மெட்ஸ் அணியின் ஹோசே ரேயஸ் நேஷனல் லீகின் அடிச் சராசரிப் பட்டத்திற்கு முன்னணியில் நின்றார். முதல் இன்னிங்ஸிற் பந்தை மெல்லத் தட்டி ஒரு தளம் பெற்றவுடன், தம் வேண்டுகோளின்படியே ஆட்டத்தினின்றும் நீங்கினார். அவருடன் போட்டியிட்ட மில்வாக்கியின் ரையன் பிரவுன் அன்று முழுதும் ஆடி ஒன்றும் பெற்றிலர். பட்டம் 0.337க்கு 0.332 என ரேயஸுக்கே ஆயிற்று. அவர் விதியெதனையும் மீறினார் அல்லர். மெட்ஸ் அணியார் எவரும் அதற்குமுன் அப்பட்டம் பெற்றதுமில்லை. எனினும், காண வந்தோர் பலர் அச்செயலை விரும்பவில்லை.

இவ்விருவரையும் ஒருசேர நோக்குமிடத்து, ஒரு வேறுபாடு புலனாகும். கற்பனைக் கழகத்தின் தலைவன் அமர்ந்திருப்பது பேடிமை ஆகாது. அவன் அறிவே அவன் கருவி, அமரவைப்பதும் ஆடவிடுவதும் அவ்வறிவின் செயல்களே. களத்தில் நிற்பவன் நிலை அவ்வாறன்று. அவன் ஆட்டத்தைக் காணவே மக்கள் வந்துள்ளனர்; அவன் பெற்ற எண், ஆட்டத்தின் நிழலேயன்றி ஆட்டமன்று. திருமறையில் ஒரு தாலந்தைப் பெற்று, இழந்துவிடுவேனோ என அஞ்சி நிலத்திற் புதைத்துவைத்த ஊழியனை நம் மாணவர் அறிவர். அவன் ஒன்றும் இழந்திலன், ஆயினும் பாராட்டப்பெற்றிலன்.

எண்ணும் மனிதரும்

நிழல் எத்துணை அழகியதாயினும் மரத்தைச் சார்ந்தே நிற்கும். 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தஞ் செய்தபோது எஞ்சிய பருவமும் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியும் கைவிடப்பட்டன. அன்று கற்பனைக் கழகங்களும் பாதியில் நின்றன. 2020இற் கொள்ளைநோயாற் பருவம் 60 ஆட்டங்களாகச் சுருங்க, கற்பனைக் கழகங்களும் உடன் சுருங்கின.

எண்களெல்லாம் முழுமையானவை என்றும் கொள்ளலாகாது. நிறவேற்றுமையாற் கறுப்பின ஆட்டக்காரர் நெடுங்காலம் மேஜர் லீகுகளில் இடம் பெறாது தனி லீகுகளில் ஆடினர். 1947இல் ஜாக்கி ராபின்சன் புகுந்தபின்னரே அத்தடை உடைந்தது. 1920 முதல் 1948 வரை அத்தனி லீகுகள் சிலவற்றில் நிகழ்ந்த ஆட்டங்களின் கணக்கு 2024ஆம் ஆண்டிலேதான் மேஜர் லீகின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. அதன்படி, 1943இல் 0.466 அடித்த ஜாஷ் கிப்சன் ஒரு பருவத்தின் உயர்ந்த சராசரிக்கு உரியவரானார். நூற்றாண்டாகப் பட்டியலை மனப்பாடஞ் செய்தவர்க்கு, பட்டியலிலே இல்லாதிருந்த மனிதரை அது நினைவூட்டிற்று.

இவ்வெண்கள் யாருக்கு உரியவை என்னும் வழக்கும் எழுந்தது. ஆட்டக்காரரின் பெயரையும் கணக்கையும் பயன்படுத்த உரிமம் வேண்டும் என்று மேஜர் லீகின் சார்பில் வாதிக்கப்பட்டது. அவை யாவர்க்கும் பொதுவான செய்திகளே என 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. பணம் வைத்து ஆடுவது சூதோ திறமோ என்பது மற்றொரு வழக்கு. 2006ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று, இணையச் சூதாட்டப் பணமாற்றத்தைத் தடுத்தபோது, அறிவையும் திறத்தையும் பொறுத்த கற்பனைக் கழகங்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்களித்தது. நம் நாட்டிற் கற்பனைக் கிரிக்கெட் இவ்வகையிற் பெருகி, பலர் பொருளிழந்தமையின், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைத் தடுக்கும் சட்டத்தை 2025ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றியது. நண்பர் பதின்மர் கூடி, தோற்றவர்க்கு நகையும் வென்றவர்க்குப் புகழுமாக ஆடிய ஆட்டம், அறியாதார் பணத்தைக் கவரும் வலையாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் அளவறிந்து ஆடுவார்க்கு இவ்வாட்டத்தாற் பயன் உண்டு. சராசரியின் இயல்பையும், சிறு எண்ணிக்கையை நம்புவதன் ஏதத்தையும், இருக்கும் பொருளுக்குள் செலவிடும் முறையையும் வகுப்பறையினும் எளிதாக இது கற்பிக்கும். முதலிடத்தினின்றும் நெடுந்தூரம் விலகிய அணியின் பெயரறியா இளைஞன் ஒருவனையும் உன்னிப்பாய்க் கவனிக்கச் செய்யும். ஆனால், காயமுற்று விழுந்த ஆட்டக்காரனைக் கண்டவுடன் அவன் நலத்தை எண்ணுமுன் தன் பட்டியலில் நேர்ந்த இழப்பை ஒருவன் எண்ணுவானாயின், அவன் அவ்விளையாட்டைத் தக்கபடி ஆடினான் அல்லன். எட்டாம் இன்னிங்ஸில் அந்த ஓர் ஆட்டமிழப்பிற்காக ஏங்கி நிற்பது குற்றமன்று. அதனைப் பெற்றுத்தர வேண்டியது களைத்த தோளையுடைய ஒரு மனிதன் என்பதை மறவாதிருப்பதே வேண்டுவது.